எழுத்தறிவித்தல் யாருடைய கடமை?

திருவனந்தபுரத்தின் பூஜப்புரையில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, சரஸ்வதி மண்டபம். ஆண்டுதோறும் விஜயதசமியன்று பெற்றோர் தம் குழந்தைகளை அங்கே அழைத்து வந்து, அரிசி பரப்பிய தட்டில் விரல் பிடித்து முதலெழுத்தை எழுத வைக்கின்றனர். மற்றொன்று, மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் அலுவலகம். கேரளத்தின் பொதுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை எதை எந்த முறையில் படிக்க வேண்டும் என்பதற்கான பாடநூல் அங்கேதான் உருவாகிறது. நெடுங்காலம் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு முரண்பாடு நிலவியது. மண்டபத்தில் எழுத்து இருந்தது. பாடநூலில் எழுத்து வரிசை இல்லை.

2022இல் அதற்கு ஒரு முடிவு வந்தது. எழுத்தாளர்களும் மொழி ஆர்வலர்களும் தொடர்ந்து எழுப்பிய கோரிக்கையை ஏற்று, மலையாள எழுத்து வரிசை பாடநூலில் மீண்டும் சேர்க்கப்படும் என்று இடது ஜனநாயக முன்னணி அரசின் பொதுக்கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி அறிவித்தார். வரிசை மீண்டும் அச்சேறியது. அத்துடன் பிரச்சனை தீர்ந்தது என்று பலரும் கருதினர். ஆனால், அந்த விவாதத்தின் அடியில் இருந்த கேள்வி அப்படியே நிற்கிறது. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைக்கும் அறிவைக் குழந்தைக்குத் தர வேண்டியது யார்? பள்ளியா, வீடா? பள்ளிதான் என்று நாம் உறுதியாகச் சொல்லாவிட்டால், அந்தச் சுமை வீட்டின் தலையில் இறங்கிவிடும். எல்லா வீடுகளும் ஒன்றுபோல் இல்லாத சமூகத்தில் அதன் பொருள் என்ன என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வரிசை மறைந்தது ஏன்?

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், மலப்புரத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்ற உழைக்கும் பெண், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவித்தார். முதிய வயதில் எழுத்துக் கற்றவர் அவர். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று நடத்திய இயக்கத்தின் வெற்றி அது. அந்த மாநிலத்தில்தான், அதற்குச் சில ஆண்டுகளிலேயே, எழுத்து வரிசை இல்லாத பாடநூல்களை நோக்கிய பயணம் தொடங்கியது.

1994இல் உலக வங்கியின் கடனுதவியோடு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் கேரளத்துக்குள் வந்தது. அதையொட்டிப் பாடத்திட்டமும் கற்பிக்கும் முறையும் மாற்றப்பட்டன. முதலில் கருத்து, பிறகு வாக்கியம், பிறகு சொல், கடைசியில் எழுத்து என்பது புதிய முறையின் வரிசை. கதையும் பாட்டும் படமும் உரையாடலும் வகுப்பறைக்குள் வந்தால், எழுத்தைக் குழந்தை தானாகவே கண்டுகொள்ளும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

இம்மாற்றத்தை வெறும் உலக வங்கிச் சதி என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய வகுப்பறையில் பிரம்பும் மனப்பாடமும் ஆட்சி செய்தன. பொருள் தெரியாமல் கூட்டமாகக் கத்துவதே பாடமாக இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று நேர்மையாக உழைத்தவர்களில் முற்போக்காளர்கள் ஏராளம். குழந்தையின் அச்சம் குறைந்ததும், அதன் பேச்சுக்கு மதிப்புக் கிடைத்ததும் அந்த உழைப்பின் பலன்கள். அதே முற்போக்கு முகாமிலிருந்துதான் எதிர்ப்பும் எழுந்தது. இரு தரப்பும் ‘எழுத்தா, பொருளா’ என்று வாதிட்டன. அந்தக் கேள்வியே தவறாக அமைந்திருந்தது. பிரம்பை வெளியே எறிந்தபோது, முறையாக எழுத்துக் கற்பிக்கும் பணியையும் சேர்த்து எறிந்துவிட்டதுதான் உண்மையான பிழை.

எழுத்து ஒலியாவது எப்படி?

பேச்சு இயல்பாக வருகிறது. மனிதர் நடுவே வளரும் குழந்தை யாரும் பாடம் நடத்தாமலே பேசக் கற்கிறது. எழுத்து அவ்வாறு வருவதில்லை. அது மனித சமூகம் தன் உழைப்பால் உருவாக்கிய கருவி. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதைக் கையளித்தே தீர வேண்டும். ‘அம்மா’ என்ற சொல் குழந்தைக்கு ஓர் ஆளைக் குறிக்கிறது. அச்சொல்லுக்குள் அ, ம், மா என்ற ஒலிகள் இருப்பதும், அவற்றுக்குத் தனித்தனி வடிவங்கள் இருப்பதும் யாரேனும் காட்டினால்தான் தெரியும்.

நம் மொழிகளில் இதற்கு ஓர் எளிமை உண்டு. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 26 எழுத்துகளைக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைக் குறிக்க வேண்டியிருப்பதால், ஆங்கிலக் குழந்தை பெரும் குழப்பத்தைக் கடந்து வருகிறது. தமிழிலும் மலையாளத்திலும் எழுத்தின் பெயரே பெரும்பாலும் அதன் ஒலி. அதோடு உயிர், மெய், உயிர்மெய் என்று நம் முன்னோர் இட்ட பெயர்களிலேயே ஒலியியல் பாடம் அடங்கியிருக்கிறது. மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்பதைப் புரிந்துகொண்ட குழந்தை, 247 எழுத்துகளையும் 247 தனிப் படங்களாக நினைவில் வைக்க வேண்டியதில்லை.

ஆனால், இந்த எளிமை தானாகக் கைக்கு வந்துவிடாது. ‘கெ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னே நிற்கிறது. ஒலியோ ககரத்துக்குப் பின்னே வருகிறது. ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இருபுறமும் நின்று ஒரே ஒலியைத் தருகின்றன. மலையாள எழுத்திலும் இதே அமைப்புத்தான். கண் போகும் திசையும் காது கேட்கும் வரிசையும் மாறுபடும் இந்த இடத்தில், கற்பிக்கப்படாத குழந்தை தடுமாறுகிறது. தமிழில் கு, சு, டு, நு, மு என உகர வரிசையும் அதன் நெடிலும் மெய்க்கு மெய் வடிவம் மாறுகின்றன. 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது; உகர வரிசையைத் தொடவில்லை. கேரளத்தில் 1971இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் உகரக் குறியை மெய்யிலிருந்து பிரித்து ஒரே வடிவமாக்கியது. தட்டச்சுக்காகவும் அச்சுக்காகவும் செய்யப்பட்ட மாற்றம்தான் அது என்றாலும், குழந்தைக்கும் சுமை குறைந்தது.

மலையாளத்தில் க வரிசைக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் கல், அகம், தங்கம் ஆகிய மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு நாக்கு வழிகாட்டும். வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு ஆசிரியர்தான் வழிகாட்ட வேண்டும்.

இவ்வளவையும் ஓராண்டில் முடித்துவிட முடியாது. கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய எழுத்து முறைகளைக் கற்றுத் தேர்வதற்கு ஆங்கில எழுத்துகளைக் கற்பதைவிட நெடுங்காலம் பிடிக்கிறது, அது ஒன்றாம் வகுப்பைத் தாண்டியும் நீள்கிறது என்று காட்டியது. எனவே, பாடநூலின் ஒரு பக்கத்தில் எழுத்து வரிசையை அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்துவிடாது. அ முதல் ஔ வரை பாட்டாக ஒப்பிக்கும் குழந்தை, தனியே நிற்கும் ‘ஈ’யைப் பார்த்து விழிப்பதை எந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் அறிவார். வரிசை வேறு, வாசிப்பு வேறு. ஒலியைப் பிரித்துக் கேட்பது, வடிவத்தோடு இணைப்பது, சேர்த்துப் படிப்பது, எழுதிப் பார்ப்பது, தெரிந்த சொல்லில் அதைக் கண்டுபிடிப்பது ஆகிய படிகள் ஒவ்வொன்றுக்கும் நேரமும் ஆசிரியரும் வேண்டும்.

வீட்டில் இருப்பதும் இல்லாததும்

பள்ளி இந்தப் படிகளைத் தவிர்க்கும்போது யார் பாதிக்கப்படுகிறார்? வழுதக்காட்டிலோ கவடியாரிலோ வாழும் அரசு அதிகாரியின் குழந்தை, பள்ளிக்குப் போகுமுன்பே கதைப் புத்தகங்களைப் புரட்டியிருக்கும். தாத்தாவோ பாட்டியோ விரல் வைத்துப் படித்துக் காட்டியிருப்பர். போதாவிட்டால் தனிப்பயிற்சி உண்டு. பள்ளியில் எந்த முறை வந்தாலும் அக்குழந்தை படித்துவிடும். அந்த முறை வெற்றி பெற்றது என்று அறிக்கையும் எழுதப்படும்.

விழிஞ்ஞத்து மீனவர் குடும்பத்தின் குழந்தைக்கும், அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணிப் பழங்குடியினரின் குழந்தைக்கும், மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளரும் தமிழ்க் குழந்தைக்கும் எழுத்து கிடைக்கும் உறுதியான இடம் பள்ளி ஒன்றுதான். அங்கே கிடைக்காதது அவர்களுக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. எழுத்தைக் குழந்தை தானே கண்டுகொள்ளும் என்ற கோட்பாடு, வீட்டில் நடக்கும் கண்ணுக்குத் தெரியாத கற்பித்தலைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த உழைப்பைச் செய்ய முடியாத வீடுகளின் குழந்தைகள் பின்தங்கியபோது, குறை குழந்தையின் மீது சுமத்தப்பட்டது.

நல்ல முயற்சிகளைக்கூட இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் கேரளத்தின் ஒன்றாம் வகுப்புகளில் ‘சம்யுக்த டயரி’ அறிமுகமானது. அன்றாட அனுபவத்தைக் குழந்தை பென்சிலால் எழுதுகிறது. தெரியாத எழுத்துகளைப் பெற்றோர் பேனாவால் எழுதி நிரப்புகின்றனர். நாள் செல்லச் செல்லப் பேனாவின் மை குறைகிறது. தன் வாழ்க்கையைத் தன் சொற்களில் எழுதும் குழந்தையை உருவாக்கும் அருமையான முறை இது. ஆனால், மலையாளம் எழுதத் தெரியாத புலம்பெயர் தொழிலாளியின் வீட்டில் அந்தப் பேனாவை யார் பிடிப்பது? அங்கே ஆசிரியரோ, பயிற்சி பெற்ற வேறொருவரோ பேனா பிடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எறணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம், புலம்பெயர் தொழிலாளர் குழந்தைகளுக்கு அவர்களது தாய்மொழி வழியே மலையாளம் கற்பிக்க ஆட்களை அமர்த்தி, இது சாத்தியம் என்று காட்டியது.

பொற்காலம் என்று ஒன்று இருந்ததா?

எழுத்து வரிசை பற்றிய விவாதத்தில் இன்னொரு குரலும் கேட்கிறது. பழைய எழுத்துப் பள்ளிகளே சிறந்தவை. ஆசானும் ஓலையும் மணலும் இருந்த காலமே பொற்காலம் என்று அது சொல்கிறது. அந்தப் பொற்காலத்துக்குள் நுழைய யாருக்கு அனுமதி இருந்தது என்பதைத் திருவனந்தபுரத்தின் மண் நன்றாக அறியும்.

எழுதப் படிக்கத் தெரியாத அய்யன்காளி, தலித் குழந்தைகளின் பள்ளி உரிமைக்காகப் போராடியது இம்மாவட்டத்தில்தான். 1914இல் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்த பள்ளியையே ஆதிக்கச் சாதியினர் தீக்கிரையாக்கினர். எங்கள் குழந்தைகளுக்குப் பள்ளி இல்லையென்றால் உங்கள் வயல்களில் வேலை இல்லை என்று விவசாயத் தொழிலாளர்கள் கையை மடக்கி நின்றனர். கூலிக்காக மட்டுமின்றி எழுத்துக்காகவும் உழைக்கும் மக்கள் நடத்திய வேலைநிறுத்தம் அது. அந்தப் பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. எழுத்துக் கற்பித்தலை முறைப்படுத்தக் கோரும் நாம் நிற்பது இந்த மரபில்தான். ஆசானின் பிரம்பை மீட்டுத் தருமாறு கோருவோரோடு நமக்கு உறவில்லை.

ஃபிரேயரைச் சரியாகப் படிப்போம்

பொருளுக்கு முதலிடம் தந்தால் எழுத்து பின்னால் தானே வரும் என்போர், தம் துணைக்குப் பாவ்லோ ஃபிரேயரை அழைப்பதுண்டு. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் ஃபிரேயரின் குழு ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பித்தது. அடுத்த ஆண்டே இராணுவக் கவிழ்ப்பு நடந்து, அவர் சிறைக்கும் பிறகு நாடுகடந்த வாழ்வுக்கும் தள்ளப்பட்டார். அவரது வகுப்பில் உண்மையில் நடந்தது என்ன?

செங்கல்லைக் குறிக்கும் ‘டிஜோலோ’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு உரையாடல் தொடங்கும். யார் கல் அறுக்கிறார், யார் வீடு கட்டுகிறார், யார் அதில் குடியிருக்கிறார் என்று பேச்சு வளரும். அதன்பின் அச்சொல் டி, ஜோ, லோ என மூன்றாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் குடும்பம் முழுவதும் அட்டையில் காட்டப்படும்: டா, டே, டி, டோ, டு, ஜா, ஜே, ஜி, ஜோ, ஜு, லா, லே, லி, லோ, லு. அவற்றைச் சேர்த்துக் கற்பவர்கள் தாமே புதிய சொற்களை உருவாக்குவர். நம் உயிர்மெய் அட்டவணையை அறிந்த எவருக்கும் இது அந்நியமாகத் தெரியாது. ஃபிரேயர் பொருளையும் ஒலியையும் எழுத்தையும் ஒரே வகுப்பில் இணைத்தார். பொருளைப் பேசிவிட்டு எழுத்தை விதியிடம் விட்டுவிடவில்லை.

1961இல் கியூபா நடத்திய எழுத்தறிவு இயக்கமும் அவ்வாறே. ஏறத்தாழ ஒரு லட்சம் இளைஞர்கள் விளக்கோடும் புத்தகத்தோடும் கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களது பாடநூலின் முதல் பாடம் ஓ, ஏ, ஆ என்ற மூன்று உயிரொலிகளில் தொடங்கியது. அமெரிக்க நாடுகள் அமைப்பைக் குறிக்கும் எழுத்துகளும் அவையே. அரசியலும் ஒலியும் ஒரே பாடத்தில் அமர்ந்திருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றனர்.

தேர்வும் சந்தையும்

எழுத்தும் ஒலியும் முக்கியம் என்ற உண்மையைத் தம் வசதிக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020, தொடக்க வகுப்புகளில் 5 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அதற்குத் தீர்வாக, சக மாணவர்களும் ஊரிலுள்ள தன்னார்வலர்களும் கற்பிக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. அடுத்த ஆண்டில் ‘நிபுண் பாரத்’ இயக்கம் தொடங்கப்பட்டு, 2026-27க்குள் அனைவருக்கும் அடிப்படைத் திறன் என்று இலக்கு வைக்கப்பட்டது. இலக்கு வைத்த அதே ஒன்றிய அரசு, பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததற்காகத் தமிழ்நாட்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை 2024-25இல் நிறுத்தி வைத்தது. 2024ஆம் ஆண்டின் ஊரகக் கல்வி நிலை அறிக்கையின்படி, நாட்டின் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தோர் 23.4 சதவீதம் மட்டுமே. நால்வரில் மூவர் படிக்கத் திணறும் நாட்டில் நிதியை நிறுத்துவது, எழுத்தை மறுப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொரு ஆபத்து தேர்வுமயம். இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒலிப்புத் தேர்வு நடக்கிறது. அதில் தரப்படும் 40 சொற்களில் பாதி, பொருளற்ற போலிச் சொற்கள். ஒலியை இணைக்கும் திறனைத் தனியே அளப்பதே நோக்கம் என்றாலும், தேர்வு வந்தால் வகுப்பறை தேர்வுக்காகவே இயங்கத் தொடங்கும் என்பதை அங்குள்ள ஆசிரியர் சங்கங்கள் சுட்டிக்காட்டி வருகின்றன. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நல்ல நோக்கம் கொண்டது. ஆனால், செயலியில் மதிப்பெண் பதிவேற்றும் நேரம் குழந்தையோடு அமரும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்ற ஆசிரியர்களின் முறையீட்டை அலட்சியப்படுத்த முடியாது.

மூன்றாவது, சந்தை. நகரெங்கும் மழலையர் பள்ளிகள் ‘ஃபோனிக்ஸ்’ என்ற பெயர்ப் பலகையோடு ஆங்கில ஒலிகளை விற்கின்றன. கடன் வாங்கியேனும் கட்டணம் கட்டும் தொழிலாளி, தன் குழந்தைக்கு எழுத்து வேண்டும் என்றுதான் அங்கே போகிறார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பொதுப் பள்ளி தாய்மொழியில் அதை உறுதியாகத் தருகிறது என்று காட்டினால், அவர் திரும்பி வருவார்.

நாம் கோர வேண்டியவை

முதலாவது, தொடக்க வகுப்புகளில் எழுத்தும் ஒலியும் முறையாக, படிப்படியாகத் தாய்மொழியில் கற்பிக்கப்பட வேண்டும். கதையும் பாட்டும் உரையாடலும் அதே வகுப்பில் தொடர வேண்டும். இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிடாமல், தேவைப்படும் குழந்தைக்கு மூன்றாம், நான்காம் வகுப்பிலும் இந்த உதவி நீள வேண்டும்.

இரண்டாவது, வகுப்புக்கு ஓர் ஆசிரியர். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் எந்த முறையும் வெற்றி பெறாது.

மூன்றாவது, அங்கன்வாடி. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் ஊழியர்கள்தாம் ஏழைக் குழந்தைகளின் முதல் ஆசிரியர்கள். கதை கேட்பதும், பாட்டில் ஒலிகளைப் பிரித்துக் கைதட்டுவதும் எழுத்துக்கு முந்தைய அடித்தளம். அது அங்கேதான் அமைகிறது. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு அவர்களுக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் கூடுதலாகத் தருவதால்தான் அவர்கள் பிழைக்கின்றனர். அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து ஊதியமும் பயிற்சியும் தரக் கோருவது தொழிற்சங்கக் கோரிக்கை. எழுத்துக்கான கோரிக்கையும் அதுவே.

நான்காவது, மொழிச் சிறுபான்மையினர். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளில் தமிழறிந்த ஆசிரியர்களே நியமிக்கப்பட வேண்டும். காசர்கோட்டின் கன்னடவழிப் பள்ளிகளில் கன்னடமறிந்தவர்களே நியமிக்கப்பட வேண்டும். மொழியின் ஒலி தெரியாதவர் எழுத்தின் ஒலியைக் கற்பிக்க முடியாது.

இவற்றைக் கோருவதோடு நம் கிளைகள் செய்யக்கூடிய பணியும் உண்டு. ஒவ்வொரு கிளையும் தன் பகுதித் தொடக்கப் பள்ளியின் பெற்றோர் அமைப்பில் பங்கேற்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் எத்தனை பேர் சரளமாகப் படிக்கின்றனர் என்று ஆசிரியர்களோடு அமர்ந்து கேட்டறிய வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது. அவருக்குத் தேவையான ஆளும் நேரமும் பொருளும் கேட்டு அரசிடம் போக வேண்டும். நூலகங்களிலும் படிப்பகங்களிலும் மாலை நேர வாசிப்பு வகுப்புகளை நடத்தலாம். அவை பள்ளிக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர, பள்ளியின் கடமையைத் தட்டிக்கழிக்க அரசுக்குச் சாக்காகிவிடக் கூடாது.

ஊரூட்டம்பலத்தில் பஞ்சமிக்கு மறுக்கப்பட்டது வகுப்பறையின் வாசல். இன்று வாசல் திறந்திருக்கிறது. உள்ளே அமர்ந்திருக்கும் குழந்தைக்கு, தன் முன்னிருக்கும் பக்கம் வாய் திறந்து பேச வேண்டும். அதைப் பேச வைக்கும் பொறுப்பு பொதுப் பள்ளிக்கும், அதை நடத்தும் அரசுக்கும் உரியது. அப்பொறுப்பை அவர்கள் கைவிடாதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.